சாரமும் ஏணியும்

தாமல் வராகீஸ்வரர் கோயில் போன்ற தலங்களில் குடமுழுக்குத் திருப்பணிக்குச் சாரம் கட்டுவது பழைய வழக்கம். சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, நின்று இரு கையாலும் வேலை செய்ய இடம் அமைத்த பிறகே கோபுரத்துக்கு வண்ணம் ஏறும். உயரத்துக்கு உரிய நேரத்தை அந்த வழக்கம் ஒதுக்கியது. கடைப்பலகையின் கதை வேறு: ஃபிளெக்ஸ் அச்சு வந்ததும் அது ஓர் இரவில் தயாரானது. அந்த அவசரம் பலகையை மாட்டுபவர் தலையில் விழுந்தது. சாய்த்த ஏணி, ஒரு கையில் பலகை, இடுப்பில் கயிறில்லை.

பத்து நிமிட வேலைக்குச் சாரமா என்பார்கள் கடைக்காரர்கள். செலவு உண்மைதான், ஆனால் ஆபத்து நேரத்தைப் பார்த்து வருவதில்லை. 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைப் பணியில் இரும்புச் சட்டம் சரிந்து தொழிலாளர் மூவர் இறந்தனர். அதற்காகச் சிறு பலகைக்கும் சாரம் வேண்டும் என்பதில்லை. ஏணியின் அடியைப் பிடிக்க ஓர் ஆள், இடுப்புக் கயிறு, பலகையை மேலே இழுக்க இன்னொரு கயிறு போதும். அந்தக் கூடுதல் கூலியைக் கடைக்காரர்தான் தர வேண்டும்.