முத்திரையும் கையும்

லண்டன் ஜெராட் வீதியைத் தெரியாதவர் எம்மிடையே குறைவு. சீன உணவகங்கள் நெருக்கமாக உள்ள அந்த வீதியால், நள்ளிரவில் கோப்பை கழுவி முடித்து இரவு பஸ்ஸுக்கு ஓடியவர்கள் நாம். அதே வீதியில்தான் 1738 முதல் 1751இல் இறக்கும்வரை ஓர் அகதியின் வெள்ளிப் பட்டறை நடந்தது. அவர் பெயர் போல் டி லமரி. இங்கிலாந்தின் வெள்ளி வேலைக்காரர்களில் தலையாயவர் என்று இன்றும் சொல்லப்படுபவர்.

1685இல் பிரெஞ்சு மன்னன் 14ஆம் லூயி, புரட்டஸ்தாந்தியருக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் சாசனத்தை இரத்துச் செய்தான். ஹியூகனொட் எனப்பட்ட அம்மக்கள் கடலாலும் காட்டாலும் தப்பி ஓடினர். ஆங்கிலத்தில் அகதியைக் குறிக்கும் சொல்லே இவர்களோடு பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். டி லமரி 1688இல் ஒல்லாந்து நகரொன்றில் பிறந்து, கைக்குழந்தையாக லண்டன் வந்து சேர்ந்தார். தகப்பன் சிறிய பிரபு வம்சத்தவர், படை அதிகாரியாக இருந்தவர். வம்சப் பெருமை சோறு போடவில்லை. 1703இல் மகனைப் பியர் பிளற்றெல் என்ற இன்னொரு ஹியூகனொட் பத்தரிடம் ஏழு வருடம் தொழில் பழக விட்டார்கள்.

லண்டன் பத்தர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. வறுமைப்பட்ட அந்நியர்கள் கேவலமான கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று 1711இல் முறைப்பாடு எழுதினார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்திய கடதாசி. வாசித்தபோது எமக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

டி லமரி 1713இல் தனது முத்திரையைப் பதிந்தார். 1716இல் அரசருக்கு வேலை செய்யும் பத்தராக நியமனம் பெற்றார். முத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிப் பாத்திரத்தைப் பொற்கொல்லர் சங்க மண்டபத்துக்குக் கொண்டுபோய், தரம் சோதித்து, அடையாளம் குத்துவிக்க வேண்டும். அதிலுள்ள பட்டறை முத்திரை, இதற்கு நான் பொறுப்பு என்கிறதே தவிர, இதை என் கையால் செய்தேன் என்று சொல்வதில்லை. சங்கத்தில் இல்லாத வெளியாரின் வேலையைத் தன்னுடையதாகக் காட்டிக் குத்துவித்தார் என்று 1716இல் அவர்மேல் குற்றச்சாட்டு வந்தது. வேறொருவரின் நம்பரில் வேலை செய்து, சம்பளத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்த எம்மவருக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. 1720இல் அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி வந்தபின், சிறிய பொருளில் குத்திய அடையாளத்தை வெட்டிப் பெரிய பாத்திரத்தில் ஒட்டி வரி தப்பியவர்களிலும் அவர் ஒருவர். மகாபுருஷர் அல்லர்! 1735இல் தகப்பன் ஏழையாகவே இறந்து, ஊர்ச் செலவில் அடக்கமானார். அப்போது மகன் பெரிய முதலாளி. என்ன கோபமோ, நாமறியோம்.

ஆனால் வேலை என்று பார்த்தால் வாயடைத்துப் போகிறது. 1736இல் மேனார்ட் பிரபுவுக்குச் செய்த தட்டிலிருந்து, பட்டறையின் வெள்ளி சிற்பமாகவே மாறிவிடுகிறது. முதலில் உருவை மெழுகிலோ மரத்திலோ செதுக்குவார்கள். அதிலிருந்து அச்செடுத்து, உருக்கிய வெள்ளியை வார்த்து, துண்டுகளைப் பற்றவைத்து, பிறகு சிற்றுளியால் தட்டித் தட்டி முகமும் மயிரும் இலை நரம்பும் வரப்பண்ணுவார்கள். தடித்த கன்னத்துக் குழந்தைகள், சுருண்டெழும் அலைகள், சங்குகள். பொற்கொல்லர் சங்கமே 1741இல் அவரிடம் ஒரு கெண்டியும் தட்டும் செய்வித்தது. முப்பது வருடங்களுக்கு முன் அந்நியர் வேண்டாம் என்று குரல் எழுந்த அதே தொழிலின் சங்கம்! அந்தக் கெண்டியின் கைபிடியே ஒரு கடல் தெய்வத்தின் உடல்.

இந்த உருக்களைச் செதுக்கியவர் யார்? பட்டறையில் இருந்த ஒரு சிற்பி. பெயர் எந்தக் கணக்கிலும் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் அந்த 1736ஆம் ஆண்டுத் தட்டை வைத்து அவரை ‘மேனார்ட் ஆசான்’ என்கிறார்கள். ஏறக்குறைய பத்து வருடம் அவர் கை தெரிகிறது, பிறகு இல்லை. சாப்பிட்டவனின் பெயரால் சமைத்தவனை அழைப்பது போன்றது இது.

விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலைக்குக் கட்டணம் இல்லை. எமக்கு லீவு கிடைத்த ஒரு திங்கட்கிழமை நாலுபேராகப் போனோம். 1743இல் நியூடிகேற் தம்பதியரின் கலியாணப் பரிசாகச் செய்த மேசை நடு அலங்காரம் அங்கே இருக்கிறது: நடுவில் ஒரு கிண்ணம், கிளைகளில் நாலு சிறு தட்டுகள், கழற்றி எடுக்கலாம். எங்களில் ஒருவர், ஊரில் பத்தர் குடும்பத்தவர், பற்றுவைத்த இடத்தைக் குனிந்து குனிந்து தேடினார். தெரியவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

டி லமரியின் ஆண்பிள்ளைகள் தப்பவில்லை. பட்டறையைத் தொடர ஆளில்லை. கையிலிருக்கும் வேலைகளை முடித்து, எல்லாவற்றையும் ஏலத்தில் விற்கும்படி உயிலில் எழுதிவிட்டு 1751 ஓகஸ்ட்டில் இறந்தார். தொழிலாளர்கள் மிச்ச வேலையை முடித்தார்கள்.