போர்ச் சித்திரங்களும் உள்ளத்தின் காயமும்

யுத்தத்தைப் பற்றிய திரைப்படங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பீரங்கிப் புகையும் படைகளின் பாய்ச்சலும் எவ்வளவு தத்ரூபமாகக் காட்டப்பட்டன என்பதையே அளவுகோலாகக் கொள்ளுதல் இயல்பு. ஆனால் களத்தினின்று உயிரோடு மீண்டவனுடைய உள்ளத்து உபாதையைத் திரை எப்போது கண்டுகொண்டது, அதைச் சொல்லும் வகையை எவ்வாறு கற்றது, சொன்னபோது அரசுகள் என்ன செய்தன என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்து நோக்குவோமாயின், வேறொரு சரித்திரம் புலப்படும். போரில் விழுந்த பிணத்தைத் திரையில் காணச் சம்மதித்த அதிகார பீடங்களும், நடுங்கும் மனிதனையும் ஆறாத துக்கத்தையும் காணச் சம்மதிக்கத் தயங்கின என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

ஆதிச் சித்திரங்கள்

முதல் உலக யுத்தம் தொடங்கிய மறு ஆண்டாகிய 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மனோதத்துவ அறிஞர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையால் ‘ஷெல் ஷாக்’ என்னும் பெயர் வைத்திய உலகில் பரவிற்று. குண்டு வெடித்த அதிர்ச்சியால் கைகால் ஆடியும், பேச்சிழந்தும், நடை தள்ளாடியும் வந்த வீரர்களை 1917, 1918ஆம் ஆண்டுகளில் நெட்லி, சீல் ஹேன் என்னும் இரு மருத்துவமனைகளில் ஆர்தர் ஹர்ஸ்ட் என்ற வைத்தியர் படமெடுத்தார். சிகிச்சைக்கு முன்னிருந்த நிலையையும் பின்னிருந்த நிலையையும் அடுத்தடுத்து வைத்துக் குணப்படுத்தலின் வெற்றியைப் பறைசாற்றுவதே அப்படத்தின் நோக்கம். குணமடைந்து வந்த நோயாளிகளே சீல் ஹேன் வெளியில் ஒரு போர்க்காட்சியை நடித்துக் காட்டியது அதில் இடம்பெற்றுள்ளமை, மருத்துவத்திற்கும் நாடகத்திற்கும் இடையே அன்றே இருந்த நெருக்கத்தைக் காட்டுவதாகும். அக்காலத்திலேயே பிரிட்டிஷ் இராணுவம் களத்தை விட்டோடியது, கோழைமை முதலிய குற்றங்களுக்காகத் தன் வீரர்களைச் சுட்டுக் கொன்றுகொண்டும் இருந்தது. அங்ஙனம் மாண்டவர்களுள் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது என்பதை நினைத்தால், நடுக்கம் நோயா குற்றமா என்னும் வழக்கு எத்துணை நீண்டதென்பது விளங்கும்.

வைத்தியர் உடம்பின் அசைவில் கண்டதைப் பிரெஞ்சுக் கலைஞர் ஆபெல் கான்ஸ் கற்பனையில் கண்டார். 1919-இல் வெளிவந்த ‘ஜாக்யூஸ்’ என்னும் மௌனப் படத்தில், யுத்தத்தால் சித்தம் கலங்கிய கவிஞனொருவன், மாண்ட வீரர்கள் எழுந்து தம் ஊருக்குத் திரும்பி வரும் காட்சியைக் காண்கிறான். அவ்விறந்தோராக நடித்தவர்கள் வெர்தன் களத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த மெய்யான வீரர்கள். அவர்களுள் பலர் மீண்டும் களஞ்சென்று உயிர் நீத்தனர்.

பெர்லினில் எழுந்த கூச்சல்

ஒலி வந்தபின் அச்சத்திற்குக் குரல் கிடைத்தது. எரிக் மரியா ரெமார்க்கின் நாவலைத் தழுவி லூயிஸ் மைல்ஸ்டோன் 1930-இல் அமெரிக்காவில் இயக்கிய ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்’ படத்தில், பதுங்குகுழியின்மேல் இடைவிடாது குண்டுகள் விழ, உள்ளிருக்கும் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக நிதானமிழந்து அலறுகிறார்கள். எதிரி இன்னும் கண்ணிற் படாத நிலையில், ஓசையொன்றே மனத்தை அழிக்கும் விதத்தைத் திரை அங்கே சொல்லக் கற்றுக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் படம் திரையிடப்பட்டபோது, கோயபல்ஸின் தலைமையில் வந்த நாஜிகள் துர்நாற்றக் குண்டுகளை வீசியும் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டும் காட்சியைக் குலைத்தனர். சில நாட்களுக்குள் ஜெர்மானியத் தணிக்கையின் மேல்மன்றம், தேசத்தின் நன்மதிப்புக்குக் குந்தகம் விளைகிறது என்று சொல்லி அதனைத் தடை செய்தது. நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், குடியரசின் தணிக்கையாளரே இத்தடையை விதித்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

ஒரே ஆண்டின் இரு படங்கள்

நடுக்கம் நோயா குற்றமா என்னும் வழக்கு இரண்டாம் உலக யுத்தத்திலும் தொடர்ந்தது. 1943 ஆகஸ்டில் சிசிலித் தீவின் இராணுவ மருத்துவமனைகளில், உடம்பிற் காயமின்றி இருந்த இரு வீரர்களைக் கோழைகள் என்று அமெரிக்கத் தளபதி பேட்டன் அறைந்த சம்பவம் உலகறிந்தது. அதன்பின் இரண்டாண்டு கழித்து, அதே இராணுவத்தின் கட்டளையின் பேரில், ஜான் ஹ்யூஸ்டன் லாங் ஐலண்டிலுள்ள மேசன் பொது மருத்துவமனையில் காமிராக்களை நிறுவி, மனோவியாதியுற்ற வீரர்கள் வைத்தியரோடு பேசுவதை உள்ளபடி பதிவு செய்தார். போரில் காயமுற்றவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநோயாளர் என்று தொடக்கத்திலேயே அறிவிக்கும் ‘லெட் தேர் பி லைட்’ என்னும் அப்படத்தின் நோக்கம், இவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர், வேலைக்கு அமர்த்தத் தகுந்தவர்களே என்று முதலாளிகளுக்கு உணர்த்துவது. திக்கிய நாக்கு திருந்துகிறது. முடங்கிய கால் நடக்கிறது. இறுதியில் அவர்கள் பந்தாடிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இத்தனை நம்பிக்கையோடு முடிந்த படத்தை இராணுவம், நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணங்காட்டி, 1946-இல் முடக்கியது. நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தில் அது காட்டப்படவிருந்த தருணத்தில் பிரதியையே கைப்பற்றியது. 1948-இல் நடிகர்களைக் கொண்டு வேறொரு படத்தை எடுத்து, நோயின் வேரைப் போருக்கு முந்திய வாழ்வில் தேடிற்று. மூலப் படம் 1980-இன் முடிவில்தான் விடுதலை பெற்றது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். மாண்ட அமெரிக்க வீரர்களின் புகைப்படங்களையும் அதே சர்க்கார் மறைத்ததன்றோ என்பர். உண்மையே; ஆயினும் அத்தடை 1943 செப்டம்பரில், யுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே, மக்களுக்கு ஊக்கமூட்டும் பொருட்டு நீக்கப்பட்டது. பிணத்தை மறைத்த திரை யுத்த முடிவுக்கு முன்பே விலக, நடுக்கத்தை மறைத்த திரை முப்பத்துநான்கு ஆண்டுகள் தொங்கிற்று.

அதே 1946-இல் வில்லியம் வைலரின் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தடையின்றி வெளிவந்து ஏழு அகாடமி விருதுகளைப் பெற்றதேன்? கற்பனைக் கதை என்னும் போர்வை அதற்கிருந்தது என்பதோடு, அதன் துயரம் கல்யாணத்தில் முடிந்தது என்பதும் காரணமாகலாம். ஆனாலும் கலையில் அது ஒரு பெரும் படி. குண்டுவீச்சு விமானத்தில் பணிபுரிந்தவன், உடைக்கப்படுவதற்காக நிறுத்திவைத்த பழைய விமானத்தின் மூக்கில் ஏறி அமர்கிறான். கடந்தகாலக் காட்சி எதுவும் காட்டப்படாமல், இசையும் காமிராவின் நகர்ச்சியும் மட்டுமே அவனுள் நிகழும் போரைச் சொல்கின்றன.

கிழக்கே நிகழ்ந்த மாறுதல்

சோவியத் நாட்டில், 1953-இல் ஸ்டாலின் மறைந்த பின்னரே இத்தகைய துக்கத்திற்கு இடம் பிறந்தது. கலாதோசவின் ‘நாரைகள் பறக்கின்றன’ (1957) காத்திருந்த பெண்ணின் தவிப்பையும், தார்க்கோவ்ஸ்கியின் ‘இவானின் குழந்தைப் பருவம்’ (1962) யுத்தத்தால் பால்யத்தை இழந்த சிறுவனின் கனவுகளையும் மையமாக்கின. இம்மரபின் உச்சம் எலெம் கிளிமவின் ‘வந்து பார்’ (1985). நாஜிகள் குடிமக்களோடு எரித்த 628 பெலாருசியக் கிராமங்களை இறுதி எழுத்துகளில் நினைவூட்டும் இப்படம், அரசாங்கத் திரைப்பட நிர்வாகத்தின் ஆட்சேபங்களால் பல்லாண்டு தாமதித்த பின்னரே எடுக்கப்பட்டது. குண்டு வெடித்ததும் சிறுவனுடைய செவியில் எழும் இரைச்சலை நாமும் கேட்கிறோம். சில நாட்களுக்குள் அவன் முகம் கிழவனின் முகமாகச் சுருங்குகிறது. இதன்பின் கிளிமவ் வேறு படமே எடுக்கவில்லை.

வியட்நாமும் இலங்கையும்

வியட்நாம் யுத்தத்தினின்று மீண்ட வீரர்களைப் பற்றி ‘கமிங் ஹோம்’, ‘தி டியர் ஹன்டர்’ என்னும் இரு அமெரிக்கப் படங்கள் 1978-இல் வந்தன. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போர் முதலிய பேரதிர்ச்சிகளால் விளையும் மனோவியாதியைத் தன் நோய்ப் பட்டியலில் தனிப்பெயரிட்டுச் சேர்த்தது. ஹ்யூஸ்டனின் படம் விடுதலையானதும் அவ்வாண்டே. ஆயினும் அவ்வமெரிக்கப் படங்களில் துயருறும் உரிமை படையெடுத்துச் சென்றவனுக்கே வாய்த்தது. அக்குறையை டாங் நாட் மின் என்னும் வியட்நாமியர் 1984-இல் எடுத்த ‘பத்தாம் மாதம் வரும்போது’ நிறைவு செய்தது. கணவன் போரில் மாண்ட செய்தியை நோயுற்ற மாமனாருக்கு மறைத்து, அவன் எழுதுவதுபோல் கடிதங்களை ஊர் ஆசிரியரைக் கொண்டு எழுதுவிக்கும் மருமகளின் கதை அது.

இலங்கையில் பிரசன்ன விதானகே 1997-இல் எடுத்த ‘புரஹந்த களுவர’ என்னும் சிங்களப் படம் நம் கருத்துக்கு மிகத் தெளிவான சான்று. மூடி முத்திரையிட்டு வந்த சவப்பெட்டிக்குள் இருப்பது படைவீரனான தன் மகனென்று நம்ப மறுத்து, நஷ்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கும் பார்வையற்ற கிழவரைப் பற்றிய அப்படத்தில் போர்க்களமே இல்லை. அதையும் 2000-ஆம் ஆண்டில் அரசாங்கம் தடுத்தது. உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின்னரே மறு ஆண்டில் அது திரைக்கு வந்தது.

மாண்டவனைத் தியாகியாக்கி நடுகல்லில் பெயர் பொறித்துவிடலாம். அவன் மறுத்துப் பேசமாட்டான். நடுங்குபவனும் நம்ப மறுக்கும் தந்தையுமோ உயிரோடிருந்து கணக்குக் கேட்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரை யுத்தம் முடிந்ததென்று அரசு அறிவித்தாலும் அது முடிந்ததாகாது. ஆதலின் போர்ப்படங்களின் சரித்திரத்தை எழுதுவோர், விருது பெற்றவற்றின் பட்டியலோடு தடைபெற்றவற்றின் பட்டியலையும் அருகே வைத்துப் படித்தல் வேண்டும். ஒரு தேசம் தன் யுத்தத்தில் எதைக் காண அஞ்சிற்று என்பதற்குச் சான்று அப்பட்டியலிலேயே உள்ளது.