கசந்த நகை: ஒரு சொல்லின் வரலாறு



சொல்லின் பொருளை அகராதி எளிதில் கூறிவிடும். அஃது எத்தொனிக்கு உரியது என்பதை முற்றக் கூறுவதில்லை. பிற மாநிலங்களில் வாழும் நாம் அலுவலகத்திலும் அண்டையயலாரிடத்தும் ஆங்கிலத்தை மிகுதியாகக் கையாளுகிறோம். ஆதலின், பிறர் பேச்சின் தொனியைக் குறிக்கும் அம்மொழிப் பெயரடைகளை அளந்து வழங்குதல் நமக்கு வேண்டற்பாலது. அவற்றுள் ‘சார்டானிக்’ என்பது ஒன்று. அதனை ‘ஏளனமான’ என்று பெயர்த்து அமைதி கொள்கிறோம். அது பாதிப் பொருளே; மறுபாதியை வரலாறு உரைக்கிறது.

கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் ‘ஒடிஸி’யில் இச்சொல்லின் முன்னோனைக் காண்கிறோம். இருபது ஆண்டுகள் பிரிந்திருந்த ஒடிஸியஸ் இரவலன் வேடத்தில் தன் இல்லம் புகுகிறான். அங்கு விருந்துண்டு களித்திருக்கும் ஒருவன் மாட்டுக் குளம்பொன்றை அவன்மீது வீசுகிறான். ஒடிஸியஸ் தலையைச் சற்றே சாய்த்துத் தப்பி, உள்ளத்துள் நகைக்கிறான். அந்நகைக்குக் கவி தந்த அடைமொழி ‘சர்தானியோஸ்’. பல்லைக் காட்டுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்பது மொழிநூலார் சிலர் கருத்து.

பிற்காலக் கிரேக்கர் இதனை மத்தியதரைக் கடலிலுள்ள சார்தீனியாத் தீவின் பெயரோடு இயைத்தனர். அத்தீவில் செலரிக் கீரையை ஒத்த நச்சுப்பூண்டு ஒன்று உண்டென்றும், அதனைத் தின்றோர் நகைத்தவாறே மடிவர் என்றும் இரண்டாம் நூற்றாண்டினரான பௌசானியாஸ் எழுதினார். இதனை வெறுங்கதையெனத் தள்ளிவிடுதற்கில்லை. சார்தீனியாவில் வளரும் ‘ஈனாந்தி’ இனச் செடியொன்றின் நஞ்சு முகத்தசைகளை இழுத்து நகைப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கக்கூடும் என்று 2009-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

ஆங்கிலக் கவி ஸ்பென்ஸர் 1596-இல் வெளியிட்ட காவியப் பகுதியில் இச்சொல்லை ‘சார்டோனியன்’ என்ற வடிவில் ஆண்டார். இன்றைய வடிவம் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி வழியாக வந்து நிலைபெற்றது.

மருத்துவரும் இச்சொல்லைக் கைக்கொண்டனர். இரணஜன்னி கண்டவரின் முகத்தசைகள் இறுகி, புருவம் உயர்ந்து, வாயின் கோடிகள் பின்வாங்கும். காண்போருக்கு அது நகைப்பாகத் தோன்றும். நோயாளியோ பெருவேதனையில் இருப்பார். இத்தோற்றத்திற்கு ‘ரிசுஸ் சார்டோனிகஸ்’, அதாவது சார்தீனிய நகை, என்று இலத்தீனில் பெயர்.

இவ்வரலாற்றை நோக்கின் சொல்லின் பயன் தெளிவாகும். ‘சார்காஸ்டிக்’ என்பது தசையைக் கிழித்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையினின்று வந்தது. பிறரைப் புண்படுத்தும் குத்தல் மொழிக்கு உரியது. எழுத்தர் ஒருவரின் பிழையைப் பலரறிய இகழும் மேலதிகாரியின் பேச்சு அத்தகையது. தம் நியாயமான விண்ணப்பம் பத்தாம் முறையும் திரும்பிவரக் கண்டு, ‘நன்று, மிக நன்று’ என நகைக்கும் எழுத்தரின் தொனியே ‘சார்டானிக்’. அங்கு ஏளனமும் உண்டு. ஆயினும் அதனடியில் கசப்பு இருக்கிறது. ‘கசந்த நகை’ என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

இரண்டையும் ஒன்றெனக் கொள்வோமாயின், துன்புற்றவரைத் துடுக்குடையவர் என்று தீர்ப்பளித்தவராவோம். மேலதிகாரியின் குத்தல் கண்டிக்கத் தக்கது. எழுத்தரின் நகையோ, அவர் குறை யாது என நாம் வினவத் தக்கது.