கப்பல் இல்லாத போட் மெயில்

எழும்பூரில் மாலை கிளம்பி, செங்கல்பட்டு வழியாக ராமேஸ்வரம் போகும் ரயிலுக்கு இன்னமும் 'போட் மெயில்' என்றுதான் பெயர். செய்யூர் பக்கத்து ஆட்களான நமக்கு அது ராத்திரி மதுராந்தகம் தாண்டி ஓடும் இன்னொரு ரயில், அவ்வளவுதான். பெயரில் இருக்கும் அந்த போட் எங்கே? 1984-லேயே நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் இந்த ரயில் தூத்துக்குடிக்குப் போனது. அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். வ.உ.சி. 1906-ல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரர்களோடு மோதியது இந்த ரூட்டில்தான் (அந்தக் கட்டணச் சண்டை பி.காம். பாடத்திலேயே இருக்க வேண்டியது!). 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால், சுமார் 35 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்.

இதைப் பற்றி எழுதுகிற பலரும் அந்த 'ஒரே டிக்கெட்' என்ற இடத்தில் பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறொரு டிக்கெட். தகர டிக்கெட்.

தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களுக்காக, 1901 வாக்கில் இலங்கை அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. தோட்டத்தின் எண் பொறித்த வட்டமான தகரத் துண்டு. அது இருந்தால் வழியில் காசு தர வேண்டாம். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அங்கிருந்து பெரும்பாலும் தொழிலாளியின் கடனில் ஏறும். லாரி ஆபீஸில் மூட்டையை 'டு பே' போட்டு அனுப்புவோமே, அதேதான். மூட்டைக்குப் பதில் மனிதன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடனை யாராவது அடைக்க வேண்டும். அதற்கான சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

கப்பல் ஏறும் முன், காலரா, அம்மை பயத்தில் இவர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் தனியே வைத்திருந்தார்கள். அந்த முகாமை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேர்? 'பிறகு பார்க்கலாம்'. கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடச் சொல்வார்கள். இங்கே போட்டது மனிதர்களை. 1974-ல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்து அந்தக் கணக்கை மூடினார்கள்.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, ஒரு பாசஞ்சர் ரயிலும் அதிலிருந்தவர்களும் சேர்த்து. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. தாயகம் திரும்பியவர்கள் 'ராமானுஜம்' கப்பலில் வந்து இறங்கினார்கள். தாயகம் என்று நாம்தான் சொல்கிறோம், பலர் இந்த மண்ணை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம், தாத்தா பாட்டி காத்திருந்த அதே மண்டபம் முகாம். அங்கிருந்து பலர் நீலகிரிக்கு. அவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கியதுதான் டான்டீ. மறுபடியும் தேயிலை!

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் எஸ்டோனியாவின் டாலினுக்கும் நடுவே கடல் சுமார் 80 கிலோமீட்டர். உலகப் போரில் நின்ற கப்பல், பனிப்போர் நடக்கும்போதே 1965-ல் மீண்டும் ஓடியது. இன்று தினமும் பல கப்பல்கள், இரண்டு மணி நேரப் பயணம்.

நம் பக்கம்? 2011-ல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் ஆரம்பித்து, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. தலைமன்னாருக்கு 2015-ல் ரயில் திரும்ப வந்துவிட்டது. இந்தப் பக்கம் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்சம் கடல்தான் பாக்கி.