நாளம், கான், தூம்பு: ஒரு கலைச்சொல்லின் துறைசார் பொருள் வரலாறு

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘டக்ட்’ எனப்படும் சொல் உடற்கூற்றியல், நீரியல், கட்டடப் பொறியியல், மின்தொடர்பியல் எனப் பல துறைகளில் வழங்குகிறது. ‘ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு இட்டுச்செல்லும் வழி’ என்பதே இவ்வழக்குகள் அனைத்திற்கும் பொதுவான பொருள். தமிழில் இதற்கு ஒற்றை நிகரன் இல்லை. தூம்பு, நாளம், கான், குழாய், புழை எனப் பல சொற்கள் உள்ளன. இப்பன்மையைச் சொல்வளமாக மட்டுமே கொண்டு அமைதல் போதாது. ஒரே சொல் தமிழகத்தில் ஓர் உறுப்பையும் இலங்கையில் வேறோர் உறுப்பையும் குறிக்கும்போது, அது கற்பித்தலையும் மருத்துவத் தகவல் பரிமாற்றத்தையும் பாதிக்கிறது. இச்சொற்களின் பொருள் வளர்ச்சியை வரலாற்று நோக்கில் தொகுத்துரைத்து, ‘நாளம்’ என்னும் சொல்லின் இன்றைய சிக்கலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலத்தீன் மூலமும் உடற்கூற்றியல் வழக்கும்

‘டக்ட்’ என்பது ‘நடத்து, இட்டுச்செல்’ எனப் பொருள்படும் ‘தூகரெ’ என்னும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. ரோமானியர் வழக்கில் இதன் பெயர்வடிவமான ‘துக்துஸ்’ தொடக்கத்தில் குழாயைக் குறிக்கவில்லை. நடத்திச் செல்லும் செயலையே குறித்தது. நீரைக் குறிக்கும் ‘அக்வா’ என்னும் சொல்லுடன் சேர்ந்து நீர்கொணரும் அமைப்பிற்குப் பெயராயிற்று. ரோம் நகரின் முதல் நீர்கொணரி கி.மு. 312இல் கட்டப்பட்டது. ரோமானியச் சட்டத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பிறர் நிலத்தின் வழியே நீரைக் கொண்டுசெல்லும் உரிமையும் இப்பெயராலேயே வழங்கியது. செயல், கட்டுமானம், உரிமை என்னும் மூன்றையும் ஒரே சொல் தாங்கிநின்றது.

உடலுக்குள் இச்சொல் நிலைபெற்ற காலம் 17ஆம் நூற்றாண்டு. பதுவா நகரில் விர்சுங் 1642இல் கணையத்தின் நாளத்தைக் கண்டறிந்தார். பெக்கே 1651இல் மார்பு நிணநீர் நாளத்தைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். வார்ட்டன் 1656இல் சுரப்பிகள் பற்றிய நூலில் தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளத்தை விளக்கினார். ஸ்டென்சன் 1660இல் கன்ன உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளத்தைக் கண்டறிந்தார். சுரப்பி என்றால் அதன் சுரப்பை வெளிக்கொணரும் வழியொன்று இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இக்கண்டுபிடிப்புகள் வலுப்படுத்தின. தைராய்டு, அட்ரினல் போன்றவற்றில் அத்தகைய வழி புலப்படவில்லை. ஆதலால் அவை எதிர்மறைப் பெயர் பெற்றன. ‘நாளம் அற்றவை’ எனப்பட்டன. 1905இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்னும் பெயரை வழங்கும் வரை இச்சுரப்பிகளின் வேதிச் செய்திகளுக்குப் பொதுப்பெயர் இல்லை. இல்லாத ஒன்றைக் கொண்டு இடப்பட்ட பெயர், இல்லாதது எது என்பது ஐயமறத் தெளிவாக இருந்தால் மட்டுமே பொருள் தரும். பின்வரும் ஆய்வுக்கு இது அடிப்படையாகும்.

தூம்பும் சுருங்கையும்

தமிழில் இப்பொருட்புலத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று தூம்பு. ‘உட்டுளை உடையது’ என்பது இதன் அடிப்படைப் பொருள். மூங்கிலும் மதகும் இப்பெயர் பெறுகின்றன. மலைபடுகடாம் கூத்தர் சுமந்துசெல்லும் இசைக்கருவிகளுள் தூம்பையும் வைக்கிறது. அதன் ஒலி யானையின் உயிர்ப்போடு ஒப்பிடப்படுகிறது. புறநானூற்றின் போர்க்களப் பாடலொன்றில் யானையின் கை தூம்புடையதாகச் சுட்டப்படுகிறது. ஆக, காற்றும் நீரும் ஒலியும் செல்லும் துளையுடைப் பொருள் எதுவாயினும் அது தூம்பு என்னும் பெயருக்குள் அடங்கியது.

பாசன வழக்கில் இச்சொல் மேலும் நுட்பம் பெற்றது. ஏரியின் உட்பகுதியில், கரையிலிருந்து சற்றே விலகி அமைக்கப்படும் குமிழித்தூம்பு இதற்குச் சான்று. இரு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் மேலே தெரியும். அடியில் உள்ள கற்பெட்டியின் மேற்பலகையில் நீரோடித் துளையும், அதற்குக் கீழே சேறோடித் துளைகளும் அமைந்திருக்கும். துளையை மூடியிருக்கும் அடைப்பைத் தூக்கினால், நீர் நிலத்தடிப் பாதை வழியாகக் கரையைக் கடந்து வயலுக்குச் செல்லும். உடன் வண்டலும் வெளியேறும். இங்கே தூம்பு வெறும் வழியன்று. திறந்து மூடிக் கட்டுப்படுத்தும் அமைப்பும் ஆகும். இலத்தீன் சொல்லின் மையம் ‘நடத்துதல்’ எனில், தூம்பின் மையம் ‘உட்டுளை’யில் தொடங்கி ‘அளந்துவிடுதல்’ வரை விரிந்துள்ளது.

நகரமைப்பில் வழங்கிய சொல் சுருங்கை. நிலத்தடிக் கரந்துறை வழியையும் நீர்வழியையும் இது குறித்தது. சிலப்பதிகாரம் மதுரை நகரைப் பேசுமிடத்து இச்சொல்லை ஆள்கிறது. குழல், சுரங்கவழி ஆகியவற்றைக் குறிக்கும் ‘சிரிங்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு வடமொழிச் ‘சுருங்கா’வைத் தொடர்புபடுத்துவோர் உளர். அவ்வாறாயின் சுருங்கையும் பன்மொழிப் பயணம் செய்த சொல்லாகும். கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் குழாய்கள், இத்தகைய சொற்கள் குறித்த தொழில்நுட்பம் பண்டைய குடியிருப்புகளில் நிலவியதை உணர்த்துகின்றன.

உரிமைப் பொருளிலும் ஓர் ஒப்புமை உண்டு. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகள் நிலக்கொடை பெற்றோர்க்கு ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுசெல்லும் உரிமையைத் தனியே வரையறுக்கின்றன. பிறர் அக்கால்களை உடைத்து நீர்கொள்வதை விலக்குகின்றன. ‘கால்’ என்னும் சொல் தமிழில் நீர்வழியையும் அவ்வழியின்மேல் அமைந்த உரிமையையும் சேர்த்தே சுட்டியது எனலாம்.

நாடியும் நாளமும்

உடலியல் வழக்கிற்கு வந்த சொற்கள் பெரும்பாலும் வடமொழி வழி வந்தவை. ‘நாள’ என்பது தாமரை முதலியவற்றின் உட்டுளைத் தண்டு. ‘நாடீ’ என்பதும் துளையுடைத் தண்டு, குழல் என்னும் பொருளது. சித்த மருத்துவமும் யோக மரபும் நாடியை உயிர்க்காற்று இயங்கும் வழியாகக் கொண்டன. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் பெயர்கள் அவ்வழி வந்தவை. அதே சொல் கையால் பிடித்தறியும் துடிப்புக்கும் பெயராயிற்று. சுசுருத சங்கிதை சிரை, தமனி, சுரோதம் என மூவகை வழிகளைப் பிரித்துரைக்கிறது. ஆயினும் அப்பகுப்பு இன்றைய குருதிச் சுற்றோட்டக் கோட்பாட்டின் பகுப்பன்று. பழைய சொற்களுக்குப் புதிய உறுப்புகளைப் பொருத்தியது 19, 20ஆம் நூற்றாண்டுகளின் கலைச்சொல் முயற்சியே.

அம்முயற்சி யாழ்ப்பாணத்தில் முன்னதாகத் தொடங்கியது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்தினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியில் வெளிவந்தன. வடசொல்லும் ஒலிபெயர்ப்பும் தமிழ்ச்சொல்லும் கலந்த அக்கால நடையை இத்தலைப்புகளே காட்டுகின்றன. தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொல்லாக்கத்திற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. இலங்கையில் 1950களுக்குப் பின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இரு கரைகளிலும் ஒரே நோக்கில் நடந்த பணி இரு வேறு விளைவுகளைத் தந்தது.

இருகரை வழக்குகளும் ‘நாளமில்லாச் சுரப்பி’யும்

தமிழகப் பாடநூல் வழக்கில் தமனி, சிரை இரண்டும் ‘இரத்த நாளங்கள்’. கல்லீரலிலிருந்து பித்தநீர் வருவது ‘பித்த நாளம்’. ஹார்மோன்களைச் சுரப்பவை ‘நாளமில்லாச் சுரப்பிகள்’. குருதி செல்லும் வழிக்கும் சுரப்பு செல்லும் வழிக்கும் ஒரே சொல் வழங்குவதால் மாணவர்க்கு ஒரு முரண் எழுகிறது. நாளமில்லாச் சுரப்பி தன் சுரப்பை இரத்த நாளத்திலேயே கலக்கிறது. அச்சுரப்பியினுள் இரத்த நாளங்கள் செறிந்தும் உள்ளன. ‘நாளமில்லை’ என்னும் பெயர் மறுப்பது சுரப்பு வெளியேறும் தனிவழியை மட்டுமே. பெயரிலிருந்து இதனை உணர இயலாது. ஆசிரியர் விளக்கினால்தான் புரியும். ஆங்கிலத்திலும் தூய பகுப்பு இல்லை. கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குருதிவழி ‘டக்டஸ்’ என்றே பெயர் பெற்றுள்ளது. எனினும் குருதிவழிக்குரிய பொதுச்சொல் ஆங்கிலத்தில் வேறாக இருப்பதால் அந்த எதிர்மறைப் பெயர் குழப்பம் தருவதில்லை.

இலங்கை வழக்கு வேறு. அங்குக் குருதிவழியின் பொதுப்பெயர் ‘குருதிக்கலன்’. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது ‘நாடி’. இதயத்திற்குத் திருப்பிக் கொணர்வது ‘நாளம்’. துடிப்பு உணரப்படும் கலனுக்கு நாடி என்னும் பெயர் பொருத்தமே. சுரப்பு செல்லும் வழி ‘கான்’; எடுத்துக்காட்டு, பித்தக்கான். தெருவோர வடிகாலையும் கான், வடிகான் என்றே அங்குள்ளோர் வழங்குவர். ‘கால்’ என்னும் நீர்வழிச் சொல்லோடு தொடர்புபடுத்தத்தக்க இச்சொல், பாசன மரபை உடலியலுக்குள் கொணர்ந்துள்ளது. ஹார்மோன் சுரப்பி அங்கு ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’; இப்பெயர் இல்லாததைச் சுட்டாமல் நிகழ்வதைச் சுட்டுகிறது.

இவ்வேறுபாட்டின் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கை வழக்கில் பயின்றவர்க்கு ‘நாளமில்லாச் சுரப்பி’ என்பது ‘சிரையில்லாச் சுரப்பி’ என்றே பொருள்படும். ‘நாளத்தில் ஏற்றவேண்டிய மருந்து’ என்னும் தொடர் இலங்கை வாசகர்க்குச் சிரையைத் திட்டமாகச் சுட்டும். தமிழக வாசகர்க்குத் தமனியா சிரையா என்பதைத் தெரிவிக்காது. புலம்பெயர் நாடுகளில் இரு வழக்கினர்க்கும் பொதுவாக மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது. இரு தொகுதிகளையும் வட்டாரக் குறிப்பின்றி ஒரே மின்தரவில் இணைத்தால், பிழை எளிதில் பரவும்.

பொறியியல் வழக்கு

கட்டடத் துறையில் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் தகட்டுப் பாதையையும், கம்பிவடங்களை உள்ளடக்கும் நிலத்தடிக் குழாயையும் பணியாளர்கள் ‘டக்ட்’ என்றே அழைக்கின்றனர். நூல்வழக்கில் ‘காற்றுக் குழாய்’ போன்ற சொற்கள் உள்ளன. வானொலி அலையியலில் இச்சொல்லுக்குச் சுவரே இல்லை. வெப்பநிலை தலைகீழாக அமையும் வளிமண்டல அடுக்குகளில் அலைகள் வளைந்து அடிவானத்திற்கு அப்பாலும் செல்கின்றன. அவ்வடுக்கும் ‘டக்ட்’ எனப்படுகிறது. உட்டுளை உடைய பொருளைக் குறிக்கும் தூம்போ குழாயோ இங்குப் பொருந்தா. ‘அலைவழி’ போன்ற, வழியை மையமாகக் கொண்ட சொல்லே பொருந்தும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்னும் கொள்கை இங்கு நிலைகுலைகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ்ச் சொற்கள் வடிவம், செயல், கட்டுப்பாடு என வெவ்வேறு கூறுகளை முதன்மைப்படுத்துகின்றன. ஆதலால் துறைக்கேற்பத் தேர்ந்துகொள்வதே முறை. இரண்டாவது, தமிழகப் பாடநூல்கள் ஏற்கெனவே வழக்கிலுள்ள ‘இரத்தக் குழாய்’ என்பதைக் குருதிவழிக்கும், ‘நாளம்’ என்பதைச் சுரப்புவழிக்கும் மட்டும் வரையறுத்தால், புதுச்சொல் எதுவும் படைக்காமலே ‘நாளமில்லாச் சுரப்பி’யின் முரண் நீங்கும். மூன்றாவது, கலைச்சொல் தரவுகளில் ‘நாளம்’ போன்ற பதிவுகள் வட்டாரக் குறிப்போடு இடம்பெற வேண்டும். இரு வழக்குகளுள் ஒன்றை மற்றதன்மேல் ஏற்றுவது தேவையற்றது. இரண்டுக்கும் நெடிய வரலாறு உண்டு. எந்தச் சொல் எக்கரையில் எதனைக் குறிக்கிறது என்பதை வாசகர் ஐயமின்றி அறியச் செய்வதே கலைச்சொல் தொகுப்போரின் உடனடிக் கடமையாகும்.