சங்கமா

பெங்களூருவில் 1999இல் தொடங்கப்பட்ட சங்கமா, பாலியல் சிறுபான்மையினர், அதாவது தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோரின் உரிமைகளுக்காக இயங்கும் அமைப்பாகும். பாலியல்பு குறித்த நூல்களையும் செய்திகளையும் திரட்டும் ஆவண மையமாகத் தோன்றிய இது, தமிழர் மிகுந்த சிவாஜிநகரின் டாஸ்கர் டவுன் பகுதியில் தொடக்க ஆண்டுகளில் அலுவலகம் கொண்டிருந்தது. ஆங்கிலம் அறிந்த நடுத்தர வகுப்பினரோடு நின்றுவிடாமல், கடைகேட்டும் (கடைகடையாகக் காசு கேட்பது) பாலியல் தொழில் செய்தும் பிழைத்த திருநங்கையரையும், கோத்திகள் எனப்படும் பெண்தன்மை வாய்ந்த ஆண்களையும் அணிதிரட்டியதே இதன் தனிச்சிறப்பு எனலாம். இவர்களுள் எவரேனும் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டால், செய்தி எட்டியதும் வழக்குரைஞருடன் அங்கே செல்வது தன்னார்வலர்களின் முதன்மைப் பணியாயிற்று. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் அ. ரேவதி இங்குப் பணியாற்றிய காலத்திலேயே திருநங்கையரின் வாழ்வனுபவங்களைத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ என்னும் நூலாக்கினார். சிறப்புக் காவல்படைக் காவலர் தேர்வுக்கு ஆண், பெண் இருபாலர் மட்டுமே விண்ணப்பிக்க இயன்றதை எதிர்த்துச் சங்கமா கர்நாடக உயர் நீதிமன்றத்தில் 2020இல் வழக்குத் தொடர்ந்தது. அதன் விளைவாக, 2021 ஜூலையில் அரசுப் பணிகளில் திருநருக்கு எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் 1 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கிய முதல் இந்திய மாநிலமாகக் கர்நாடகம் ஆனது.