வளவும் வாழ்வும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மார்க்கத்தில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை அண்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில், நகரத்தில் தொழில் செய்து பொருள் ஈட்டியவர்கள் மலைக்காற்றை விரும்பி விசாலமான வீடுகளைத் தேடிவரும் இக்காலத்தில், நமக்கு முன்னே செல்வம் படைத்திருந்தவர்கள் எத்தகைய வீடுகளைக் கட்டினார்கள், அவற்றில் எந்தப் பகுதியில் உண்மையாகவே வாழ்ந்தார்கள் என்று விசாரித்துப் பார்ப்பது மிகவும் பிரயோஜனமான காரியம் என்று கருதுகிறேன்.

அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1820-களில் சேலத்தின் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரைத் தொடங்கிவைத்த பிறகு, ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அங்கே பங்களாக்களை எழுப்பிக் குடியேறினார்கள். அக்காலத்துப் பங்களாக்களில் அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த கூடமும் உண்டு. ஆனால் புகையும் நெடியும் துரையை அணுகாதிருக்கும் பொருட்டுச் சமையற்கட்டைப் பெரும்பாலும் பின்புறத்தில் தனிக் கட்டடமாக ஒதுக்கிவிட்டார்கள். பட்லரும் சமையற்காரரும் பணியாட்களும் சூழ வாழ்ந்தவர்களுக்கு அது சௌகரியமே. தன் கையால் சமைத்துத் தன் மக்களுக்குப் பரிமாறும் இல்லத்தரசிக்கோ அந்த அமைப்பு நாள்தோறும் ஒரு சிரமம்.

கீழே சமவெளியில், சேலத்து நெசவாளரின் ஓட்டு வீடு அதற்கு நேர்மாறானது. குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். பாவும் ஊடையும் குழந்தையின் தூளியும் ஒரே கூடத்தில் இடம்பெறும். ஆடம்பரம் அணுவளவும் இல்லை. உபயோகமற்ற மூலையும் இல்லை.

ஆடம்பரத்தையும் அன்றாடத்தையும் ஒரே கூரையின் கீழ் இணைக்கப் பெருமுயற்சி செய்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சுமார் எண்பது ஆண்டுகள், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்து ஈட்டிய பொருளை அவர்கள் தம் ஊர்களில் வீடுகளாக்கினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் கடல் கடந்து வந்தன. பக்கத்து ஆத்தங்குடியிலோ, சூளையில் வேகாமல் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்க்கப்பட்டு நீரில் ஊறி வெயிலில் உலரும் தளக்கற்கள் உருவாயின. 1912-இல் கானாடுகாத்தானில் எழுந்த செட்டிநாட்டரசர் மாளிகையைப் பார்ப்பவர் முகப்பின் பிரம்மாண்டத்தில் மயங்கி நின்றுவிடக்கூடும்.

எனினும் அவ்வகை வீட்டின் உயிர் முகப்பில் இல்லை, வளவில் இருக்கிறது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீண்ட மனையில், தலைவாசலில் நின்றால் கொல்லைவாசல் தெரியும்படி முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வரிசையாக அமைத்தார்கள். வளவு என்பது வானத்தை நோக்கித் திறந்த முற்றமும் அதைச் சுற்றித் தூண் நிரைத்த தாழ்வாரமும். அதை ஒட்டி அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அவற்றில் ஒரு பங்கு. மணமாகிச் சில காலம் சென்றதும் அத்தம்பதிகளுக்குப் பண்டபாத்திரங்களைக் கொடுத்து 'வேறு வைப்பது' அவர்கள் வழக்கம். ஒரே வீட்டில் பல அடுப்புகள் எரிந்தன, விசேஷங்கள் மட்டும் பொதுவாக நடந்தன. கூடி வாழ்வதன் பலத்தையும் தனித்து வாழ்வதன் நிம்மதியையும் ஒருசேர அளித்த அந்த ஏற்பாட்டை, சலவைக்கல்லைக் காட்டிலும் பெரிய செல்வமாக நான் மதிக்கிறேன். பந்தி நடப்பதற்கு இரண்டாம் கட்டு. சமையலுக்கும், தானியம் உலர்த்துவதற்கும், வற்றல் காயவைப்பதற்கும், ஸ்திரீகள் அமர்ந்து பேசுவதற்கும் மூன்றாம் கட்டு. உயர்ந்த விதானமும் கனத்த சுவரும் கோடை வெப்பத்தை உள்ளே வரவொட்டாமல் தடுக்க, முற்றம் காற்றை இழுத்து வீடெங்கும் பரப்பியது.

இத்தனை நுட்பமாக அமைந்த வீடுகளும் காலத்தின் மாறுதலுக்குத் தப்பவில்லை. 1930-இல் உலகைக் கவ்விய பொருளாதார மந்தத்தில் பர்மியக் குடியானவர்கள் கடனைத் திருப்ப இயலாமற்போகவே, பணத்துக்குப் பதில் நிலம் நகரத்தார் கைக்கு வந்தது; கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் அவ்வாண்டு சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலவுடைமை 1938-க்குள் 25 சதவீதமாயிற்று. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948-இல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம். முதல் முடங்கியது, குடும்பங்கள் பிழைப்பை நாடிப் பல நகரங்களுக்குப் பிரிந்தன. ஒரு கல்யாணத்துக்கோ சாந்திக்கோ மட்டும் கதவு திறக்கும் வீடுகள் இன்று அங்கே ஏராளம். எஞ்சி வசிப்பவர்கள் பெரும்பாலும் ஓரிரு அறைகளிலும் பின்கட்டிலும் குடியிருக்கிறார்கள் என்பதைக் காணும்போது, ஆளின்றி நிற்கும் முகப்புக்கு ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவை நினைத்து மனம் வருந்துகிறது.

ஆகையால் அடிவாரத்தில் வீடு தேடும் அன்பர்கள், வரவேற்பறையின் விதானத்தை வியப்பதற்கு முன் சமையலறைக்குள் சென்று காலை வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். மேற்கு வெயிலை எது தடுக்கிறது, முழங்கால் வலியுள்ள பாட்டி படியேறாமல் எந்த அறையில் படுப்பாள், ஈரத்துணி எங்கே உலரும் என்று கேட்க வேண்டும். கட்டித் தருபவர் இவற்றைச் சில்லறைக் கேள்விகள் என்று எண்ணினால் எண்ணட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரைப் பற்றி விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது 2003-இல்; அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வறண்ட செட்டிநாட்டில், கோடிக்கணக்கில் வணிகம் செய்தவர்கள் ஓட்டுக்கூரையின் நான்கு சரிவுகளையும் முற்றத்தை நோக்கிச் சாய்த்து, விழும் மழையை அண்டாக்களில் பிடித்துக் குடித்துவிட்டு, மீந்ததைக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பினார்கள்.